கண்ணுக்குள்ள ஒரு வால்பேப்பர்!



தமிழ் சினிமாவுல கண் ஆபரேஷன் சீன் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முகத்துல பாதியை மறைக்கிற வெள்ளைக் கட்டு. நர்ஸ் ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னு பிரிப்பாங்க. பின்னணியில வீணை. ஹீரோயின் மெதுவா இமையைத் திறந்தா முதல்ல மங்கலா ஒரு உருவம், அப்புறம் பளிச்னு ஹீரோ. 'டாக்டர், எனக்குப் பார்வை வந்துடுச்சு!' தியேட்டர்ல விசில் பறக்கும்.

இதுல டைரக்டர் சொல்லாம விட்ட ஒரு விஷயம் இருக்கு. அந்தக் கதையெல்லாம் கருவிழிக்குத்தான் செல்லுபடியாகும். கண்தானம் பண்ணினா முக்கியமா எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிறது முன்னாடி இருக்கிற அந்தக் கண்ணாடி மாதிரி பகுதியைத்தான். கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கிற விழித்திரை, அதாங்க ரெட்டினா, அதை மாத்த இன்னிக்கு வரைக்கும் யாராலயும் முடியலை. 2023-ல நியூயார்க்குல ஒருத்தருக்கு முகத்தோட சேர்த்து ஒரு முழுக் கண்ணையே வெச்சுப் பார்த்தாங்க. கண் உயிரோட இருந்துச்சு, பார்வை வரலை. காரணம் சிம்பிள். ரெட்டினாவுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல சுமார் 12 லட்சம் இழைகள் இருக்கு. ஒரு தடவை வெட்டிட்டா அதைத் திரும்ப சால்டர் பண்ண முடியாது!

ஈ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிற எனக்குப் புரியுற பாஷையில சொல்லணும்னா, கேமராவுல லென்ஸ் கீறிடுச்சுன்னா மாத்திக்கலாம். கண்புரை ஆபரேஷன் அதுதான். ஆனா சென்சார் போச்சுன்னா? இந்த சென்சாரோட தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதுக்குள்ள 12 கோடிக்கு மேல ஒளி வாங்குற செல்கள். செவத்துல ஒட்டின வால்பேப்பர் மாதிரி கண்ணோட உள்பக்கம் பூரா ஒட்டியிருக்கு. அதுல ஒரு சின்ன ஓட்டை விழுந்து, கண்ணுக்குள்ள இருக்கிற திரவம் அந்த ஓட்டை வழியா பின்னாடி போச்சுன்னா, வால்பேப்பர் உரிய ஆரம்பிச்சிடும். 'ஓரத்துலேர்ந்து ஒரு கறுப்புத் திரை இறங்குற மாதிரி இருக்கு'ன்னு பேஷன்ட் சொல்வாங்க. அந்தத் திரை நடுப்பகுதிக்கு வர்றதுக்குள்ள ஆபரேஷன் தியேட்டருக்குப் போயாகணும்.

இந்த வால்பேப்பரை ஒட்டுற வேலையைத்தான் ஒரு தமிழ்நாட்டு டாக்டர் வாழ்நாள் பூரா பண்ணினார், பண்ணக் கத்துக் கொடுத்தார், அதைச் சுத்தி ஒரு ஆராய்ச்சி நிலையத்தையே கட்டினார். சென்னை சங்கர நேத்ராலயாவை ஆரம்பிச்ச டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத். 2023 நவம்பர் 21-ம் தேதி, 83 வயசுல காலமானார். அவரோட கதைக்கு முன்னாடி அவரோட வாத்தியார் கதையைச் சொல்லியாகணும். ஏன்னா அது சினிமாவை விட சினிமா.

வாத்தியார் பேர் சார்லஸ் ஷெப்பன்ஸ். பெல்ஜியம்காரர், 1912-ல பிறந்தவர். ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி அவங்க நாட்டைப் பிடிச்சதும் மனுஷர் ரகசிய எதிர்ப்பு இயக்கத்துல சேர்ந்துட்டார். ஹிட்லரோட கெஸ்டாப்போ போலீஸ் துரத்த, 1942-ல பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில மெண்டிவ்னு ஒரு மலைக் கிராமத்துக்கு ஓடி, ஜாக் பெரோன்னு பேரை மாத்திக்கிட்டு ஒரு மர அறுவை மில்லை எடுத்து நடத்துறார். வெளியே பார்த்தா மரக்கடை முதலாளி. உள்ளே, மரம் தூக்கற கம்பிப் பாதையையும் காட்டையும் பயன்படுத்தி எல்லை தாண்டி ஆள் அனுப்புற வேலை! நூறு பேருக்கு மேல அந்த வழியா தப்பிச்சிருக்காங்க. 1943-ல குட்டு உடைஞ்சதும் அவரே பிரனீஸ் மலையில ஏறித் தப்பிச்சு, கடைசியில லண்டன் போய்ச் சேர்ந்தார்.

லண்டன்ல மறுபடியும் கண் டாக்டர். அங்கேதான் ஒரு கருவி செய்தார். குண்டு விழுந்த லண்டன் தெருவுல பொறுக்கின இரும்புத் துண்டுகளை வெச்சு முதல் மாடலைச் செய்தார்னு சொல்வாங்க. டாக்டர் தலையில ஹெட்லைட் மாதிரி மாட்டிக்கிட்டு, கையில ஒரு லென்ஸைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கண்ணாலயும் பேஷன்டோட விழித்திரையைப் பார்க்குற கருவி. பைனாகுலர் இன்டைரக்ட் ஆஃப்தல்மாஸ்கோப். கண்ணோட ஓரம் வரைக்கும் தெரியும், முப்பரிமாணத்துல தெரியும். ஒரே கஷ்டம், எல்லாம் தலைகீழா, இடம் வலமா தெரியும். அதுக்குப் பழகறதுக்கே டாக்டர்களுக்கு மாசக்கணக்குல ஆகுமாம். (நமக்கு இன்ஜினீயரிங் டிராயிங்ல ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷனே தலை சுத்துச்சு. ஞாபகம் இருக்கா?)

இது ஏன் பெரிய விஷயம்னா, உரிஞ்ச ரெட்டினாவை ஒட்டணும்னா முதல்ல ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிக்கணும். ஓட்டைதான் காரணம்னு 1920-கள்ல சொன்னவர் சுவிட்சர்லாந்தோட ஜூல்ஸ் கோனின். அவருக்கு முன்னாடி இந்த நோய்க்கு வைத்தியம்னா கட்டில்ல அசையாம படுக்க வைக்கிறதுதான். குணமானவங்க கிட்டத்தட்ட சீரோ. கோனின் சூடான கருவியால ஓட்டையைச் சுட்டு அடைச்சுக் காட்டினார். ஷெப்பன்ஸ் அந்த ஓட்டையைத் தேடறதுக்குக் கண்ணைக் கொடுத்தார். 1947-ல அமெரிக்காவுல ஹார்வர்டுக்குப் போய், பாஸ்டன்ல ரெட்டினாவுக்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிச்சார். கண்ணுக்கு வெளியே ஒரு சிலிக்கான் பட்டையைத் தெச்சு, பெல்ட் போட்டு இறுக்குற மாதிரி சுவரை உள்ளே அமுக்கி, உரிஞ்ச திரையோட ஒட்ட வைக்கிற முறையையும் அங்கேதான் வளர்த்தெடுத்தார்.

1968-ல அந்த பாஸ்டன் ஆஸ்பத்திரிக்கு, மாசசூசெட்ஸ் கண் காது மருத்துவமனைக்கு, சென்னையிலேர்ந்து போன ஒரு இளம் டாக்டர் போய்ச் சேர்றார். வயசு 28.

பத்ரிநாத் திருவல்லிக்கேணியில 1940 பிப்ரவரி 24-ல பிறந்தவர். அப்பா இன்ஜினீயர். (நம்ம ஆளு!) டீன் ஏஜுக்குள்ளேயே அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்துட்டார். அப்பா இறந்ததுக்கு வந்த இன்ஷூரன்ஸ் பணத்துலதான் சென்னை மருத்துவக் கல்லூரிப் படிப்பை முடிச்சார். இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு நிமிஷம் பேச்சு வரலை. நம்ம ஹாஸ்டல்லயும் அப்படி ரெண்டு மூணு பேர் இருக்காங்க. அவங்க யாரும் இதை வெளியே சொல்றதில்லை. செமஸ்டர் ஃபீஸ் கட்டுற வாரத்துல மட்டும் கொஞ்சம் சத்தம் கம்மியா இருப்பாங்க.

அப்புறம் அமெரிக்கா. நியூயார்க்குல கிராஸ்லாண்ட்ஸ் ஆஸ்பத்திரி, புரூக்ளின் கண் காது மருத்துவமனை, அதுக்கப்புறம் ஷெப்பன்ஸ். கனடாவோட எஃப்.ஆர்.சி.எஸ். பாஸ், அமெரிக்க போர்டு பாஸ். இந்த இடத்துல நிறுத்தி யோசிங்க. முப்பது வயசு. உலகத்துலயே பெரிய ரெட்டினா டாக்டரோட சிஷ்யர்ங்கிற முத்திரை. மனைவி வசந்தியும் குழந்தைகள் நல டாக்டர். அமெரிக்காவுலேயே செட்டில் ஆக எல்லாம் ரெடி. 1970-ல மனுஷர் சென்னைக்குத் திரும்பிட்டார்!

ஜி.ஆர்.இ. புக்கைத் தலையணைக்கடியில வெச்சுத் தூங்குற என் கிளாஸ்மேட்ஸ் கிட்ட இதைச் சொன்னேன். ஒருத்தன், 'அந்தக் காலம் மச்சி, அப்போ தேசபக்தி ஃப்ரீயா கிடைச்சது'ன்னான். இன்னொருத்தி, 'திரும்பி வர்றதுக்கு முதல்ல போகணும்ல, நான் போயிட்டு வந்து சொல்றேன்'னா. நியாயம்தான். வெளிநாடு போறவங்களைத் திட்டுற கட்டுரை இது இல்லை. அவர் பாஸ்டனுக்குப் போகாம இருந்திருந்தா கொண்டு வர்றதுக்கு எதுவும் இருந்திருக்காது.

ஆனா வந்ததும் ரெட் கார்ப்பெட் எல்லாம் இல்லை. அடையாறுல வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்ல ஆறு வருஷம் ஆலோசகர், அதோட சேர்த்து தனியா பிராக்டீஸ், 1973-லேர்ந்து விஜயா ஆஸ்பத்திரி. காஞ்சி ஜெயேந்திரர் அமெரிக்காவுல படிச்சுட்டு வந்த டாக்டர்கள் கூட்டத்துல, சேவை மனசோட ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு பேசினார். அது விதை. 1978 செப்டம்பர் 6-ம் தேதி சங்கர நேத்ராலயா ஆரம்பமாச்சு. லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளை. காசு கொடுக்கிறவங்களுக்கு ஒரு வரிசை, கொடுக்க முடியாதவங்களுக்கு இலவசம், ஆபரேஷன் பண்ற கை ஒண்ணுதான். 1983-ல பத்மஸ்ரீ, 1999-ல பத்மபூஷண். விருதுகளை இதோட விட்டுடறேன். கூகுள் பண்ணினா வரும்.

எனக்கு சுவாரஸ்யமா பட்டது வேற. அவர் ஊருக்குத் திரும்பின அதே 1970-ல, மயாமியில ராபர்ட் மாக்கெமர்னு ஒருத்தர் கண்ணுக்குள்ளேயே ஊசி மாதிரி கருவியை விட்டு ஆபரேஷன் பண்ணிக் காட்டிட்டார். அதுவரைக்கும் எல்லாரும் வெளியேர்ந்துதான் வேலை பார்த்துட்டு இருந்தாங்க. கண்ணுக்கு நடுவுல விட்ரியஸ்னு ஒரு ஜெல்லி இருக்கு, சுமார் 4 மில்லி. 98 சதவிகிதத்துக்கு மேல தண்ணிதான், ஆனா கொழகொழன்னு இழுக்கும். அதை இழுத்தா ரெட்டினாவும் கூடவே கிழிஞ்சு வரும். அதனால வெட்டிக்கிட்டே உறிஞ்சுற கருவி வேணும். மாக்கெமர் அதை முதல்ல எதுல டெஸ்ட் பண்ணினார் தெரியுமா? முட்டை வெள்ளைக்கருவுல! நம்ம மினி புராஜெக்டுக்கு காம்போனென்ட் கிடைக்கலைன்னு ரிச்சி ஸ்ட்ரீட் போறோமே, அதெல்லாம் சும்மா.

அதாவது, பத்ரிநாத் கத்துக்கிட்டு வந்து மூட்டையைப் பிரிக்கறதுக்குள்ள சிலபஸ் மாறிடுச்சு. அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல சேர்ந்து 2021 ரெகுலேஷனைப் பார்த்த சீனியர்ஸுக்கு இந்த வலி புரியும். ஒரே வித்தியாசம், அங்கே அரியர் வெச்சா பேஷன்டுக்குக் கண் போயிடும். ரெட்டினா டாக்டரா இருக்கிறதுன்னா சாகுற வரைக்கும் ஸ்டூடன்டா இருக்கிறது. அப்போ அந்தக் கருவி தடிமனா இருந்துச்சு. இப்போ 0.4 மில்லிமீட்டர்ல வந்துடுச்சு, தையலே இல்லாம முடிக்கிறாங்க. உள்ளே இருக்கிற குட்டிக் கத்தி நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல வெட்டும். உரிஞ்ச ரெட்டினா இன்னிக்குப் பத்துல எட்டு ஒம்பது பேருக்கு முதல் ஆபரேஷன்லயே ஒட்டிடுது.

ஜெல்லியை எடுத்தாச்சு. அந்தக் காலி இடத்துல என்ன வெப்பாங்க? காத்து! ட்ரிபிள் ஈ மக்கள் உஷார், இது உங்க ஏரியா. சர்க்யூட் பிரேக்கர்ல ஆர்க் அணைக்க ஒரு வாயு வெப்பாங்களே, சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு, அதே வாயுதான். அதைக் கொஞ்சம் காத்தோட கலந்து கண்ணுக்குள்ள ஒரு குமிழி. குமிழி மேலே மிதந்து, ரெட்டினாவைச் செவத்தோட அழுத்திப் பிடிக்கும். கண்ணோட பின்பக்கம் மேலே வரணுமே, அதனாலதான் பேஷன்டைக் குப்புறப் படுக்கச் சொல்றாங்க. ரெண்டு வாரத்துல குமிழி தானா கரைஞ்சிடும். இன்னொரு வாயு போட்டா ஆறு, எட்டு வாரம் ஆகும்.

அந்த வாரங்கள்ல ஃப்ளைட் ஏறக்கூடாது. ஏன்? பாயில் விதி, பதினோராம் வகுப்பு. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிறதுல முக்கால் பங்குதான் இருக்கும். குமிழி மூணுல ஒரு பங்கு வரைக்கும் விரியப் பார்க்கும். கண்ணு பலூன் இல்லையே, விரியாது. உள்ளே அழுத்தம் எகிறி, ரத்த ஓட்டமே நின்னு, ஒட்டின ரெட்டினா செத்துடும். ஃப்ளைட்டை விடுங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே இருக்கிற அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான்! ஆபரேஷன் முடிஞ்சு 'மாறுதலுக்கு ரெண்டு நாள் மலைக்குப் போயிட்டு வரலாம்'னு கிளம்பினா அவ்வளவுதான். நான் எவ்வளவோ தடவை 'பி.வி. ஈக்வல்ஸ் கான்ஸ்டன்ட்' எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அது ஒருத்தரோட கண்ணைக் காப்பாத்துற ஈக்வேஷன்னு யாரும் சொன்னதில்லை.

இனி ஆராய்ச்சி. பத்ரிநாத் வெறும் ஆபரேஷன் டாக்டரா நின்னிருந்தா இந்தப் பக்கத்துல அவருக்கு இடம் கிடைச்சிருக்காது. ஆஸ்பத்திரியோட லேப், லேப்போட கிளாஸ்ரூம்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சார். 1985-ல பிட்ஸ் பிலானியோட சேர்ந்து ஆப்டோமெட்ரிக்கு நாலு வருஷ டிகிரி காலேஜ். இந்தியா முழுக்கவிருந்து டாக்டர்கள் வந்து ரெட்டினா ஃபெலோஷிப் பண்ணிட்டுப் போனாங்க.

அந்த லேப்ல பார்த்த ஒரு நோய் நம்ம வயசுக்காரங்களுக்கானது. ஈல்ஸ் நோய். பர்மிங்ஹாம்ல ஹென்றி ஈல்ஸ்ங்கிறவர் 1880-ல எழுதி வெச்சது. நல்லா ஆரோக்கியமா இருக்கிற இருபது, முப்பது வயசுப் பையன், பெரும்பாலும் ஆண்கள், திடீர்னு ஒரு நாள் காலையில எழுந்தா கண்ணுக்குள்ள கறுப்பா நூல் நூலா மிதக்கும். ரெட்டினாவோட ரத்தக் குழாய் வீங்கி உடைஞ்சு ரத்தம். மேலை நாட்டுல இது அரிதாயிடுச்சு. நம்ம நாட்டுல இன்னும் இருக்கு. அங்கே இல்லாத நோய்க்கு அங்கே யார் ஆராய்ச்சி பண்ணுவா? சங்கர நேத்ராலயாவோட நுண்ணுயிரியல் டீம், டாக்டர் எச்.என்.மாதவன் தலைமையில, இந்தப் பேஷன்டுகளோட ரெட்டினா மேலேர்ந்து எடுத்த சவ்வை பி.சி.ஆர். பண்ணிப் பார்த்து, பல மாதிரிகள்ல காசநோய்க் கிருமியோட டி.என்.ஏ. இருக்குன்னு 2000-ல வெளியிட்டாங்க. பி.சி.ஆர்.ங்கிற வார்த்தை கொரோனாவுல டீக்கடை வரைக்கும் வந்துச்சே, அதுக்கு இருபது வருஷம் முன்னாடி!

இன்னொண்ணு, வீடு வீடாப் போய்ப் பண்ணினது. 2003-லேர்ந்து 2006 வரைக்கும் சென்னையில நாப்பது வயசு தாண்டின 5,999 பேரைக் கணக்கெடுத்து, சர்க்கரை இருக்கிறவங்களோட ரெட்டினாவைப் படம் எடுத்தாங்க. சர்க்கரை உள்ளவங்கள்ல 18 சதவிகிதம் பேருக்கு ரெட்டினா பாதிச்சிருந்தது. ஆறுல ஒருத்தருக்கு மேல. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்டுல அப்பாவோ அம்மாவோ காலையில மாத்திரை போடுறாங்கதானே? 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரைன்னு சொல்லுது. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவிகிதம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

திருச்சிக்கும் கண்ணுக்கும் பழைய பந்தம். உறையூர்ல பிள்ளை உறங்காவில்லி தாசர்னு ஒரு மல்லர் இருந்தார்னு ஸ்ரீரங்கத்துல பாட்டிங்க கதை சொல்வாங்க. மனைவி பொன்னாச்சியோட கண்ணழகுல மயங்கி, வெயில் படாம குடை பிடிச்சுக்கிட்டே பின்னாடி நடப்பாராம். ராமானுஜர் பார்த்துட்டு, 'இதை விட அழகான கண்ணைக் காட்டினா?'ன்னு கேட்டு, ரங்கநாதர் சந்நிதிக்குக் கூட்டிட்டுப் போனார்னு கதை. டவுன்ல ஜோசப் கண் ஆஸ்பத்திரி 1934-லேர்ந்து இருக்கு. நம்ம தாத்தா பாட்டி தலைமுறைக்குக் 'கண்ணாஸ்பத்திரி'ன்னாலே அதுதான். மதுரை அரவிந்துல ரெட்டினா பிரிவை வளர்த்த, டைம் பத்திரிகை 2010-ல உலகின் செல்வாக்கான நூறு பேர்ல ஒருத்தரா சொன்ன டாக்டர் நம்பெருமாள்சாமி, அவர் பிறந்தது தேனிப் பக்கம்னாலும் பேர் நம்ம ஊர் உற்சவர் பேர்! 2025-ல அவரும் போயிட்டார். பத்ரிநாத்தும் அவரும் ஒரே தலைமுறை. தமிழ்நாட்டு ரெட்டினா வைத்தியத்தோட ரெண்டு தூண்.

எங்க தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தவர். இருபது வருஷமா சர்க்கரை. மாசா மாசம் ரத்தம் டெஸ்ட், மாத்திரை எல்லாம் கரெக்டா நடந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே பாருங்கன்னு ஒரு டாக்டரும் எழுதித் தரலை. ஒரு நாள் காலையில 'என்னடா, ரூமெல்லாம் ஒட்டடையா இருக்கு'ன்னார். ஒட்டடை ரூம்ல இல்லை. கடைசி நாலு வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். கூட்டத்துக்கு நடுவுல என் காதுல, 'ரத்னாங்கி எப்படிடா இருக்கு, சொல்லு'ம்பார். நான் சொல்வேன். எனக்கு அப்போ வர்ணிக்கவே வராது. 'செவப்புக் கல்லு நெறைய இருக்கு தாத்தா'ம்பேன்.

அதனாலதான் எதிர்வீட்டு மாமாவை நான் விடலை. உத்தர வீதிப் பக்கம், ரிட்டயர்டு வாத்தியார், சர்க்கரை பதினஞ்சு வருஷம். போன மாசம் பேச்சை எடுத்தேன்.

"நேக்கு எதுக்குடா கண் டாக்டர்? கண்ணாடி இல்லாம பஞ்சாங்கம் படிக்கிறேன். நீ வேணா படிச்சுக் காட்டு பார்ப்போம்."

"மாமா, நல்லாத் தெரியறப்பவே பார்க்கணும் மாமா. தெரியலைன்னா லேட்டு."

"தெரியறதைப் போய் டெஸ்ட் பண்ணுவாளாடா யாராவது?"

இந்தக் கேள்விக்குத்தான் 5,999 பேர் பதில். சர்க்கரை ரெட்டினாவைக் கெடுக்கறப்போ வலிக்காது, சிவக்காது, பல வருஷம் பார்வையும் குறையாது. குட்டிக் குட்டி ரத்தக் குழாய்கள் கசியும், சில அடைபடும். ஆக்ஸிஜன் கிடைக்காத ரெட்டினா பதறிப் போய்ப் புதுக் குழாய்களை முளைக்க விடும். புதுசு எல்லாம் டூப்ளிகேட் சரக்கு. ஒரு நாள் பட்டுனு உடையும். அதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா லேசர் போட்டு அடக்கலாம், ஊசி போடலாம். உடைஞ்சப்புறம்னா மாக்கெமர் கருவிதான்.

மாமா கடைசியில வந்தார். என் வாதத்துக்காக இல்லை. மாமி ஒரே வார்த்தையில, 'கொழந்தை கூப்பிடறான், போயிட்டு வாங்கோளேன்'னுட்டாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, கண்ணை மூடி முக்கால் மணி நேரம். ('பக்கத்துல இருக்கிறவன் பேர் கூடக் கேட்க முடியாம இதென்னடா தியானம்?') அப்புறம் தலையில ஷெப்பன்ஸோட ஹெட்லைட்டை மாட்டிக்கிட்டு ஒரு லேடி டாக்டர். என்னை விட எட்டு, பத்து வயசுதான் கூட இருக்கும். மாமாவைப் படுக்க வெச்சு, 'மேலே பாருங்க சார், வலது பக்கம், கீழே'ன்னு சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.

வெளியே கூப்பிட்டுக் கேட்டேன், இந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சுன்னு. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜனோட சேர்த்து அஞ்சரை, எம்.எஸ். கண் மருத்துவம் மூணு, ரெட்டினா ஃபெலோஷிப் ரெண்டு. நடுவுல என்ட்ரன்ஸுக்குப் படிச்சதை அவங்க கணக்குலயே சேர்க்கலை. நம்ம நாலு வருஷத்துக்கே நாம போடுற சீன் இருக்கே!

'இன்ஜினீயரா? உங்க ஆளுங்கதான் எங்க வேலையைக் காலி பண்ணப் போறாங்க'ன்னு சிரிச்சாங்க. அவங்க சொன்னது கூகுள் விஷயம். 2016-ல கூகுள்காரங்க 1,28,175 ரெட்டினா படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, சர்க்கரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கத்துக் கொடுத்தாங்க. அமெரிக்காவோட சேர்ந்து அதுல படம் கொடுத்தது யார்? அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும். அந்தப் படங்களுக்கு மார்க் போட்டது மனுஷ டாக்டர்கள். அப்புறம் அதே ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் 3,049 பேர்கிட்ட நேர்ல சோதிச்சு, டாக்டர்களுக்குச் சமமாவோ மேலாவோ பார்க்குதுன்னு 2019-ல வெளியிட்டாங்க. டீப் லேர்னிங் எலெக்டிவ் எடுக்கிற எல்லாரும் டேட்டாசெட்டை டவுன்லோட் பண்ணிட்டு ரன் கொடுக்கிறோம். அந்த ஃபோல்டருக்குள்ள நம்ம ஊர் ஆத்தாக்களும் மாமாக்களும் கண்ணைத் திறந்து உக்காந்திருக்காங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தோணுச்சு.

வேலை காலியாகும்னு எனக்குத் தோணலை. கம்ப்யூட்டர் 'இருக்கு'ன்னு சொல்லும். லேசர் போட ஆள் வேணும். அதுக்கு முன்னாடி அந்தப் படத்தை எடுக்க மாமாவை வீட்டுலேர்ந்து கிளப்ப ஆள் வேணும். அதுக்கு ஆப் வரலை! சங்கர நேத்ராலயா 2003-லயே இஸ்ரோவோட சாட்டிலைட் லிங்க் வெச்சு பஸ்ஸை கிராமத்துக்கு அனுப்பினாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸோட சேர்ந்து, ரெண்டு பஸ்ஸை ஒண்ணா இணைச்சு ஓடுற ஆபரேஷன் தியேட்டரே பண்ணினாங்க, கண்புரைக்கு. பயோமெடிக்கல், மெக்கானிக்கல், ஈ.சி.இ. எல்லாருக்கும் அங்கே வேலை இருக்கு. நம்ம பிளேஸ்மென்ட் செல் போர்டுல அந்தப் பேர்கள் வர்றதில்லை, அவ்வளவுதான்.

மாமாவோட ரிசல்ட்? வலது கண்ணுல அங்கங்கே கசிவுப் புள்ளி. இடது கண்ணுல புதுக் குழாய் முளைக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டு கண்ணுலயும் பார்வை கிட்டத்தட்ட நார்மல். டாக்டர் ஸ்கிரீன்ல படத்தைக் காட்டினாங்க. ஆரஞ்சு கலர்ல ஒரு கிரகம் மாதிரி, ஓரத்துல பூ வேலைப்பாடு மாதிரி மெல்லிசா சில கோடுகள். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். 'இதுவாடா?'ன்னு மட்டும் கேட்டார்.

லேசர் ஒரு சிட்டிங் முடிஞ்சாச்சு. ரெண்டாவது வர்ற வியாழக்கிழமை. கண்ணு கூசும்னு மாமிக்கு வாங்கின கூலிங்கிளாஸை மாட்டிக்கிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ல காவிரிப் பாலத்துல வர்றப்போ, பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட மாமா பேச ஆரம்பிச்சுட்டார். 'ஏன் சார், ஒமக்கு சுகர் உண்டோ?'